தொடக்ககால ஜெர்மன் விமான விபத்துப் பதிவுகள்: முரண்பாடு தென்படும்போது எதை, எந்த வரிசையில் சரிபார்ப்பது?

செப்பலின் வான்கப்பல்களில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய 1910-ஆம் ஆண்டிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை ஜெர்மனியில் நிகழ்ந்த குடிசார் வானூர்தி விபத்துகளைப் பட்டியலிட முனைபவர், மூன்றாவது நான்காவது பதிவுக்குள்ளாகவே முரண்பாடுகளில் சிக்கிக்கொள்வார். ஒரே விபத்துக்கு இரண்டு தேதிகள் இருக்கும். ஒரு பட்டியலில் ஆறு பேர் இறந்ததாகவும் மற்றொன்றில் ஏழு பேர் இறந்ததாகவும் இருக்கும். ஊரின் பெயர் இன்றைய வரைபடத்தில் அகப்படாது. இவற்றுள் பெரும்பாலானவை யாரோ பொய் எழுதியதால் வந்தவை அல்ல. அந்தக் காலத்தின் பதிவு முறை, அரசியல் எல்லைகள், நிறுவனங்களின் இணைப்புகள் ஆகியவற்றிலிருந்து இயல்பாகப் பிறந்தவை. ஆகவே அவற்றைக் கண்டறிந்து சரிசெய்யவும் முடியும்.

கீழே உள்ள குறிப்புகள் அறிகுறிவாரியாக அமைந்துள்ளன. எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் நிறுவ வேண்டியது விபத்துக்குள்ளான வானூர்தி எது என்பதைத்தான். தேதியும் ஊரும் எண்ணிக்கையும் செய்தி கைமாறும் ஒவ்வொரு முறையும் நழுவக்கூடியவை. பதிவுக் குறியும் தயாரிப்பு எண்ணும் அவ்வளவு எளிதில் நழுவுவதில்லை. இந்த வரிசையை மாற்றி, எண்ணிக்கையிலிருந்து தொடங்குபவர்கள்தான் இரண்டு விபத்துகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அறிகுறி: பதிவுக் குறியும் விபத்து நடந்த ஆண்டும் ஒன்றோடொன்று குழம்பியிருக்கின்றன

1919 முதல் 1934 வரை ஜெர்மன் விமானங்கள் 'டி' என்ற எழுத்தையும் அதைத் தொடர்ந்து ஓர் எண்ணையும் பதிவுக் குறியாகக் கொண்டிருந்தன. எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக வழங்கப்பட்டன; அந்த முறை கைவிடப்படுவதற்குள் அவை 3,000-ஐத் தாண்டிவிட்டன. இதன் விளைவாக, 1900-க்கும் 1935-க்கும் இடைப்பட்ட எண்ணைப் பெற்ற எந்த விமானத்தின் பதிவுக் குறியும் ஓர் ஆண்டைப் போலவே கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு மிகக் கொடுமையான எடுத்துக்காட்டு மெஸ்ஸர்ஷ்மிட் எம் 20 வகை விமானங்கள். 1930 அக்டோபர் 6 அன்று, பெர்லினிலிருந்து வியன்னா செல்லும் தடத்தில் டிரெஸ்டன் நகரில் இறங்க முயன்றபோது ஒரு எம் 20பி விழுந்து, அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தனர். அதன் பதிவுக் குறி டி-1930. அடுத்த ஆண்டு, அதாவது 1931 ஏப்ரல் 14 அன்று, அதே வகையைச் சேர்ந்த மற்றொரு விமானம் ரீட்ஷன் என்ற ஊருக்கு அருகே விழுந்தது. அதன் பதிவுக் குறி டி-1928. முதல் விபத்தில் குறியும் ஆண்டும் தற்செயலாக ஒத்துப்போனதால் பட்டியலில் பிழை இருந்தாலும் வெளியே தெரியாது. இரண்டாவது விபத்தில், குறியை ஆண்டாகப் படித்தவர் அதை மூன்று ஆண்டுகள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார். போதாக்குறைக்கு, 1928-இலும் ஒரு எம் 20 விபத்து உண்மையாகவே நடந்திருக்கிறது. அவ்வகையின் முதல் விமானம் 1928 பிப்ரவரி 26 அன்று தன் முதல் பறப்பிலேயே இறக்கையின் மேலுறையில் ஒரு பகுதி கிழிந்து அழிந்தது. சோதனை விமானி ஹான்ஸ் ஹாக்மாக் போதிய உயரம் இல்லாத நிலையில் வான்குடையுடன் குதித்து உயிரிழந்தார். அதன் பதிவுக் குறியோ டி-1480. ஆக, '1928, எம் 20' என்று மட்டும் ஒரு குறிப்பு கிடைத்தால் அது ஹாக்மாக்கின் மரணத்தையும் குறிக்கலாம், ரீட்ஷன் விபத்தையும் குறிக்கலாம்.

இங்கே சோதிக்க வேண்டியது, எண்ணுக்கு முன்னால் 'டி' இருக்கிறதா என்பதை மட்டுமல்ல. செய்தியில் பயணிகள் குறிப்பிடப்படுகிறார்களா என்று பாருங்கள். ஹாக்மாக் தனியாகப் பறந்தவர். மற்ற இரண்டும் அட்டவணைப்படி பயணிகளுடன் சென்ற பறப்புகள். அதன்பின் ஊரின் பெயரைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் மூன்று விபத்துகளும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

இந்த வகையின் வரலாற்றைச் சற்றுக் கூடுதலாக அறிந்துவைப்பது பயன் தரும். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்ட் ஹான்சாவில் செல்வாக்குப் பெற்றிருந்த எர்ஹார்ட் மில்ஷ், ஹாக்மாக்கின் நண்பர். எம் 20-க்கான கொள்முதல் ஆணையை நிறுவனம் விலக்கிக்கொண்டதும், தயாரிப்பாளர் 1931-இல் திவாலானதும், மில்ஷுக்கும் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கும் இடையே நீடித்த பகையும் இந்த விபத்துகளோடு பின்னிக்கிடக்கின்றன. ஆகவே எம் 20 பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டவற்றில் விபத்துக் காரணம் எவ்வளவு, பழிதீர்ப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஒரே விமானத்துக்கு இரண்டு பதிவுக் குறிகள்

1934-இல் எண்கள் கைவிடப்பட்டு, 'டி'-க்குப் பின் நான்கு எழுத்துகள் கொண்ட புதிய முறை வந்தது. அப்போது பணியில் இருந்த விமானங்கள் புதுக் குறியைப் பெற்றன. யுங்கர்ஸ் ஜி 38 என்ற பேருரு விமானம் இரண்டே இரண்டுதான் ஜெர்மனியில் கட்டப்பட்டது. முதலாவதான டி-2000 பின்னர் டி-அசூர் (D-AZUR) ஆயிற்று, இரண்டாவதான டி-2500 பின்னர் டி-ஆப்பிஸ் (D-APIS) ஆயிற்று. 1936-இல் டெஸ்ஸாவில் விபத்துக்குள்ளாகி அழிந்தது முதலாவது. குறிமாற்றத்தை அறியாமல் தொகுத்தால் இரண்டு விமானங்கள் நான்காகிவிடும். இத்தகைய ஐயம் எழுந்தவுடன் தயாரிப்பு எண்ணைத் தேடுங்கள். குறி மாறினாலும் அது மாறுவதில்லை. விபத்து 1934-க்கு முந்தையது என்று செய்தி சொல்லி, குறி மட்டும் நான்கு எழுத்துகளில் இருந்தால், யாரோ பின்னாளில் இட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அறிகுறி: வான்கப்பலின் எண் பொருந்தவில்லை

விமானங்களுக்குப் பதிவுக் குறி வருவதற்கு முன்பே, செப்பலின் வான்கப்பல்களை இயக்கிய டெலாக் நிறுவனம் பயணிகளை ஏற்றிவந்தது. 1909 நவம்பரில் நிறுவப்பட்ட அந்த நிறுவனத்தின் வான்கப்பல்களை அடையாளம் காண உதவுவது செப்பலின் தொழிற்சாலையின் கட்டுமான வரிசை எண், அது 'எல்.இசட்.' என்ற எழுத்துகளுடன் எழுதப்படும். கடற்படையோ தன் வான்கப்பல்களுக்கு 'எல்' என்ற ஒற்றை எழுத்துடன் தனி வரிசையைத் தொடங்கியது. 'இசட்' என்ற ஓர் எழுத்து விடுபட்டாலே போதும், ஏழு ஆண்டுகள் பிறழ்ந்துவிடும்.

எல்.இசட். 2 என்பது 1906 ஜனவரியில் கிஸ்லெக் அருகே தரையிறங்க நேர்ந்து, இரவில் வீசிய புயற்காற்றில் நொறுங்கிப்போன சோதனைக் கலம். அதில் யாரும் இறக்கவில்லை. எல் 2 என்பது 1913 அக்டோபர் 17 அன்று யோஹான்னிஸ்டால் விமானத்திடலின் மேல் வெடித்து 28 பேரைப் பலிகொண்ட கடற்படைக் கலம். அதன் கட்டுமான எண் எல்.இசட். 18. இந்த இரண்டாவது கலம் குடிசார் விபத்துப் பட்டியலில் இடம்பெறவே கூடாது. ஆனால் பலியானோர் எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலும், நிகழ்ந்த இடம் குடிசார் விமானிகளால் புகழ்பெற்றது என்பதாலும் அடிக்கடி உள்ளே புகுந்துவிடுகிறது.

பெயரிலும் கவனம் தேவை. டாய்ச்லாண்ட் என்ற பெயரில் டெலாக்கிடம் இரண்டு கலங்கள் அடுத்தடுத்து இருந்தன. எல்.இசட். 7 ஆன முதலாவது, பத்திரிகையாளர்களை ஏற்றிச் சென்றபோது 1910 ஜூன் 28 அன்று டாய்டோபர்க் காட்டில் மரங்களின் மேல் விழுந்தது. அதற்கு மாற்றாக வந்த எல்.இசட். 8-ஐ 1911 மே 16 அன்று டுஸ்ஸெல்டார்ஃபில் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவரும்போது காற்று மோதிச் சிதைத்தது. இதே நகரில்தான், 1912 ஜூன் 28 அன்று, ஷ்வாபன் எனப்பட்ட எல்.இசட். 10 தரையில் நங்கூரமிட்டிருந்தபோது தீக்கிரையானது. ஒரே நாள், ஒரே மாதம், இரண்டு ஆண்டு இடைவெளி. ஒரே நகரில் இரண்டு இழப்புகள். இதைவிடக் குழப்பத்துக்கு ஏற்ற ஏற்பாட்டை வேண்டுமென்றே செய்திருந்தாலும் அமைத்திருக்க முடியாது.

பயணிகள் இறந்ததாக எந்தப் பட்டியலாவது இவற்றுள் ஒன்றின் எதிரே எழுதியிருந்தால் அதை உடனே ஐயத்துக்குரியதாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு முன் டெலாக் 34,000 பேருக்கு மேல் ஏற்றிச் சென்றது. கலங்கள் பல அழிந்தும் அவர்களுள் ஒருவரும் உயிரிழக்கவில்லை. எண்ணிக்கை வேறு கலத்திலிருந்து, பெரும்பாலும் கடற்படைக் கலத்திலிருந்து, வந்திருக்கும்.

அறிகுறி: இறந்தோர் எண்ணிக்கை மூலத்துக்கு மூலம் மாறுகிறது

1929 நவம்பர் 6 அன்று லண்டனின் குரோய்டன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட லுஃப்ட் ஹான்சாவின் யுங்கர்ஸ் ஜி 24, மூடுபனியில் திரும்பிவர முயன்று, சர்ரே மாவட்டத்தின் மார்டன் பார்க் பகுதியில் மரங்களில் மோதி எரிந்தது. விமானத்தில் எட்டுப் பேர் இருந்தனர். மறுநாள் செய்திகளை எடுத்தால் உயிர் தப்பியவர்கள் இருவர்; பின்னாளைய தொகுப்புகளை எடுத்தால் ஒருவர் மட்டுமே. இரண்டும் தத்தம் நேரத்தில் சரியானவை. பயணியான கிளென் கிட்ஸ்டன் பிழைத்துக்கொண்டார். இரண்டாம் விமானியாகப் பணியாற்றிய ஷாம்பர்க்-லிப்பே இளவரசர் ஆய்கன் படுகாயத்துடன் மீட்கப்பட்டுப் பின்னர் இறந்தார். ஆகவே ஆறு, ஏழு என்ற இரண்டு எண்களுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், ஒவ்வொரு மூலமும் எந்த நாளில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். தாமதமாக எழுதப்பட்டதற்கே இங்கு முன்னுரிமை.

எண்ணிக்கை இரண்டோ மூன்றோ குறைந்திருந்தால் காரணம் வேறு. அக்காலச் செய்திகள் சில நேரங்களில் பயணிகளை மட்டும் எண்ணும். விமானியும் பொறிமுறைஞரும் வானொலி இயக்குநரும் தனி வாக்கியத்தில் வருவார்கள் அல்லது வரவே மாட்டார்கள். வேறுபாடு விமானப் பணிக்குழுவின் அளவுக்குச் சமமாக இருக்கிறதா என்று கழித்துப் பாருங்கள்.

புகழ்பெற்றவர் பயணம் செய்த விபத்துகளில் இன்னொரு வகைத் திரிபு உண்டு. 1922 ஜூலை 4 அன்று ஹாம்பர்க்கின் ஃபூல்ஸ்பியூட்டல் நிலையத்தில், என்ஜின் செயலிழந்து ஒரு எல்.வி.ஜி. சி.VI விமானம் விழுந்தது. விமானி லோட்டார் ஃபொன் ரிஷ்ட்ஹோஃபன் இறந்தார். திரைப்பட நடிகை ஃபெர்ன் ஆண்ட்ரா காயங்களுடன் பிழைத்தார். இங்கே குடும்பப் பெயர் ஒன்றே பொறி. 1918 ஏப்ரலில் போரில் வீழ்ந்த புகழ்பெற்ற போர் விமானி மான்ஃபிரட் இவருடைய அண்ணன். விமானமும் போர்க்கால உளவு வகை என்பதால், ஆண்டைப் பார்க்காதவர் இதைப் படைத்துறை இழப்பு என்றே ஒதுக்கிவிடுவார். உண்மையில் அது பெர்லினிலிருந்து பயணிகளை ஏற்றிவந்த குடிசார் பறப்பு. போர் முடிந்தபின் எஞ்சிய படை விமானங்களைக் கொண்டே ஜெர்மன் பயணிகள் சேவை தொடங்கியது. டாய்ச்ச லுஃப்ட்-ரேடெரை 1919 பிப்ரவரி 5 அன்று பெர்லினுக்கும் வைமாருக்கும் இடையே அட்டவணைச் சேவையைத் தொடங்கியபோதும் இத்தகைய விமானங்களே பறந்தன. ஆதலால் வகையை வைத்துப் படைத்துறையா குடிசாரா என்று தீர்மானிப்பது இந்த ஆண்டுகளுக்குப் பொருந்தாது.

அறிகுறி: நிறுவனத்தின் பெயர் தேதியோடு ஒட்டவில்லை

லுஃப்ட் ஹான்சா 1926 ஜனவரி 6 அன்றுதான் உருவானது. அதற்கு முந்தைய விபத்து எதிலாவது அப்பெயர் இருந்தால், டாய்ச்சர் ஏரோ லாய்ட், யுங்கர்ஸ் லுஃப்ட்ஃபெர்கேர் என்ற இரு முன்னோடிகளில் ஒன்றின் விபத்தைப் பின்னாளில் யாரோ வாரிசின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். 1933 வரை பெயர் இரண்டு சொற்களாகவும், அதன்பின் ஒரே சொல்லாகவும் எழுதப்பட்டது. தேடும்போது இரண்டையும் இட்டுப் பார்ப்பது நல்லது. 1953-இல் தொடங்கப்பட்டு மறு ஆண்டில் அந்தப் பெயரை ஏற்ற இன்றைய நிறுவனம் சட்டப்படி பழையதன் தொடர்ச்சி அல்ல என்பதால், இரண்டின் விபத்துகளையும் ஒரே பட்டியலில் எண்ணிக் கூட்டுவது தவறு.

எதிர்த் திசையிலும் பிழை வரும். 1935 ஜனவரி 31 அன்று ஷ்டெட்டீன் நகருக்கு அருகில் போடெயூஹ் என்ற இடத்தில் டி-ஆரென் (D-AREN) என்ற யுங்கர்ஸ் யூ 52 விழுந்து பதினோரு பேர் இறந்தனர். குறியும் வகையும் லுஃப்ட்ஹான்சாவையே நினைவூட்டும். ஆனால் அதை இயக்கியது, ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் 1921-இல் கூட்டாக அமைத்த டெருலுஃப்ட்.

தயாரிப்பு ஜெர்மன், விபத்து வேறு நாட்டுடையது என்பதும் உண்டு. 1930 ஜூலை 21 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் மியோஃபம் என்ற ஊரின் மேல் உடைந்து ஆறு பேரைக் கொன்ற யுங்கர்ஸ் எஃப் 13, பிரிட்டிஷ் பதிவில் பிரிட்டிஷ் விமான நிறுவனத்திடம் இருந்தது. அமெரிக்காவில் ஜே.எல்.-6 என்ற பெயரில் அஞ்சல் பணியில் இருந்தபோது 1920-இல் அடுத்தடுத்துத் தீப்பிடித்தவையும் எஃப் 13-களே. தயாரிப்பு வகையின் குறைபாடுகளை ஆராய்பவருக்கு இவை இன்றியமையாதவை. ஜெர்மன் வான்போக்குவரத்தின் விபத்துகளை எண்ணுபவருக்கு வேண்டாதவை.

அறிகுறி: விமான வகையின் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது

பெரும்பாலும் இரண்டும் சரி. வெர்சாய் உடன்படிக்கைக்குப் பின் ஜெர்மன் விமானங்களின் ஆற்றலுக்கு நேச நாடுகள் 1926 வரை வரம்பு விதித்திருந்தன. யுங்கர்ஸ் நிறுவனம் வலுக்குறைந்த என்ஜின்களோடு ஜி 23 என்ற பெயரில் விமானத்தை வெளியிட்டு, சுவீடனிலும் உற்பத்தி செய்து, பின்னர் என்ஜின்களை மாற்றி ஜி 24 ஆக்கிய கதை இதனால் வந்தது. டோர்னியர் கோமெட் III விமானங்கள் பலவும் பின்னர் மெர்க்கூர் தரத்துக்கு மாற்றப்பட்டன. ஒரே உடல், காலத்துக்கேற்ற பெயர். விபத்து நாளில் அது எந்த நிலையில் இருந்தது என்பதை எழுதுங்கள். மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்கள் சில மூலங்களில் பயரிஷ ஃப்ளூக்சாய்க்வெர்க்க என்ற தொழிற்சாலையின் பெயரில் இருப்பதும் முரண்பாடு அல்ல. நிறுவனத்தின் பெயர் 1938-இல்தான் மாறியது.

அறிகுறி: விபத்து நடந்த ஊர் அகப்படவில்லை, அல்லது தவறான நாட்டில் அகப்படுகிறது

முதலில், அது ஊரின் பெயர்தானா என்று உறுதிசெய்யுங்கள். லுஃப்ட் ஹான்சா தன் விமானங்கள் சிலவற்றுக்கு மாநிலங்கள், பகுதிகளின் பெயர்களைச் சூட்டியிருந்தது. மேலே சொன்ன மார்டன் பார்க் விமானத்தின் பெயர் ஓபர்ஷ்லேசியன். அதாவது மேல் சிலேசியா. விமானம் விழுந்தது இங்கிலாந்தில்.

ஊர்ப்பெயர்தான் என்றால் எல்லை மாற்றங்களைப் பாருங்கள். ஷ்டெட்டீன் இன்று போலந்தின் ஷ்செச்சின். போடெயூஹ் அதன் ஒரு பகுதி. புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தய வீரரும் விமானியுமான தாடேயுஸ் ரோபுல் 1910 ஜூன் 18 அன்று விழுந்து இறந்ததும் அதே நகரில்தான். பிரெஸ்லாவ் (இன்று போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப்), கோனிக்ஸ்பெர்க் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) ஆகியவற்றுக்கும் இதே கதி. டான்சிக் 1920 முதல் ஜெர்மனியின் பகுதியே அல்ல, தனிப் பதிவுக் குறி கொண்ட சுதந்திர நகரம். பெர்லினைச் சுற்றிய இடங்களில் மறுதலையான சிக்கல்: யோஹான்னிஸ்டாலும் ஷ்டாக்கனும் 1920 அக்டோபரில்தான் பெர்லினோடு இணைந்தன. விபத்து நாளில் வழங்கிய பெயரை முதலில் எழுதி, இன்றைய பெயரை அதன் பின் தருவதே நான் பரிந்துரைக்கும் முறை.

அறிகுறி: தேதி ஓரிரு நாள் முன்பின்னாக இருக்கிறது

விபத்து நாள், இறந்த நாள், செய்தி வெளியான நாள் ஆகிய மூன்றில் எது என்று பாருங்கள். ஓட்டோ லிலியந்தால் ஷ்டோல்ன் அருகே சறுக்கு வானூர்தியுடன் விழுந்தது 1896 ஆகஸ்ட் 9. பெர்லினில் உயிர் பிரிந்தது ஆகஸ்ட் 10. பெரிய பெர்லின் நாளிதழ்கள் சில காலையும் மாலையும் வெவ்வேறு பதிப்புகளை வெளியிட்டதால், 'நேற்று' என்ற சொல் எந்தப் பதிப்பில் உள்ளது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: நடந்ததாகத் தெரிந்த விபத்து எண்மயமாக்கப்பட்ட நாளிதழ்களில் அகப்படவே இல்லை

அக்காலச் செய்தித்தாள்கள் பல ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் எழுத்துருவில் அச்சானவை. அதில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் 'எஃப்' போலவே இருக்கும். கணினி அப்படியே படித்துவைத்திருக்கும். தேடலில் அந்த எழுத்தை மாற்றியும் இட்டுப் பாருங்கள். கொலோன் 1919 வரையிலும் காசெல் 1926 வரையிலும் 'கே'-க்குப் பதில் 'சி' எழுத்தில் தொடங்கின என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: காரணம் பற்றி மூலங்கள் ஒத்துப்போகவில்லை

இது மற்றவற்றைப் போல ஒரு சரிபார்ப்பில் தீர்வதில்லை. 1927 செப்டம்பர் 23 அன்று ஷ்லைட்ஸ் அருகே டோர்னியர் மெர்க்கூர் டி-585 விழுந்து, வாஷிங்டனுக்கான ஜெர்மன் தூதர் ஆகோ ஃபொன் மால்ட்சன் உள்பட ஆறு பேர் இறந்தனர். இறக்கை பறப்பிலேயே பிரிந்ததே காரணம். சாட்சிகள் பார்த்தது விமானம் விழுவதை. இடிபாடுகளை ஆராய்ந்தவர்கள் பார்த்தது எந்த உறுப்பு முதலில் முறிந்தது என்பதை. முதல் நாள் செய்தியில் வரும் காரணத்தைச் 'சாட்சி கூற்று' என்று தனியே குறித்துவையுங்கள். ஆய்வு முடிவோடு கலக்காதீர்கள்.

ஆய்வுகளே ஆய்வுகளோடு உரசுவதும் உண்டு. மியோஃபம் விபத்தில், இறக்கையிலிருந்து கலங்கி வரும் காற்றோட்டம் வால் பகுதியை உலுக்கி முறித்தது என்பது பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு; பெர்லின் ஆட்லர்ஸ்ஹோஃபில் இருந்த ஜெர்மன் வான்போக்குவரத்து ஆய்வு நிறுவனமும் இதே சிக்கலைத் தனியே ஆராய்ந்தது. இத்தகைய நேர்வில் எந்த நாட்டின் எந்த நிறுவனம் என்ன சொன்னது என்று பெயரோடு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுவனம் இழப்பீடு வழங்கியது என்ற செய்தி கிடைத்தால், அதைக் காரணத்தின் சான்றாக ஏற்கக் கூடாது. 1922 ஆகஸ்ட் 1-இன் ஜெர்மன் வான்போக்குவரத்துச் சட்டம், விமானத்தை இயக்குபவர் மீது அவருடைய தவறு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் பொறுப்பைச் சுமத்தியது. பணம் கைமாறியிருப்பது அந்தச் சட்டம் செயல்பட்டதைக் காட்டலாம். விமானி பிழை செய்தார் என்பதையோ பராமரிப்பில் குறை இருந்தது என்பதையோ காட்டாது. அவ்வாறான மூலம் மட்டுமே இருக்கும் விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.